மூச்சு 18

எந்த மருத்துவமனையின் எந்த வார்டாக இருந்தாலும் சரி, ஒரு நாள் காலையில் எல்லா நோயாளிகளின் பதிவையும் திறந்து, மூச்சு எண்ணிக்கை இருக்கும் வரியை மட்டும் படித்துப் பாருங்கள். 18, 18, 20, 18, 16, 18, 18. நுரையீரலில் நீர் கோத்துக் கிடக்கும் பாட்டிக்கும் 18. குடல்வால் அறுவை முடிந்து, வீட்டுக்குப் போக டாக்சிக்குக் காத்திருக்கும் பையனுக்கும் 18. ரத்த அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறுகிறது, நாடித்துடிப்பு மாறுகிறது, மூச்சு மட்டும் எல்லாருக்கும் ஒரே தாளத்தில் ஓடுகிறது. என் வார்டில் மட்டும் நடக்கும் கூத்து இல்லை இது. மூச்சுப் பதிவுகள் இப்படி ஒருசில எண்களில் குவிந்து கிடப்பதைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

ஏன் இப்படி? ரத்த அழுத்தத்துக்கு இயந்திரம் இருக்கிறது. ஆக்சிஜனுக்கு விரலில் மாட்டும் கிளிப் இருக்கிறது. சாதாரண வார்டில் மூச்சை எண்ண வேண்டுமென்றால் ஓர் ஆள் கடிகாரத்தோடு நெஞ்சைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அதுவும் நோயாளிக்குத் தெரியாமல். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். முழுதாக ஒரு நிமிடம். அடுத்த கட்டிலில் ஒருவர் கழிப்பறைக்குக் கூப்பிடுகிறார், இன்னொருவரின் டிரிப் கத்துகிறது, 'பேரா' எடுக்க இன்னும் பாதி வார்டு பாக்கி இருக்கிறது. (பேரா என்பது பாராமீட்டர். சிங்கப்பூர் வார்டுகளில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.) அந்த நெருக்கடியில் 18 வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தாதிமைத் தகவலியல், அதாவது தாதிகள் பதியும் தகவலைக் கணினி வழியே நோயாளிப் பராமரிப்புக்குப் பயன்படுத்தும் துறை, என்றதும் ரோபோ, செயற்கை நுண்ணறிவு, பளபளக்கும் திரைகள் என்று பேச்சு போய்விடுகிறது. எனக்கு அந்தத் துறை இந்த 18-இல்தான் தொடங்குகிறது. அந்த எண் காகிதத்தில் இருந்த காலத்தில் அது தூங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் புரட்டினால் பார்ப்பார், இல்லாவிட்டால் இல்லை. இப்போது அது தூங்குவதில்லை. தட்டச்சு செய்த நொடியே கணினி அதை எடுத்து மற்ற எண்களோடு கூட்டி, நோயாளி எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார் என்று மதிப்பெண் போடுகிறது.

லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருந்தால் மதிப்பெண் பூஜ்யம். 21 முதல் 24 வரை போனால் 2. 25-ஐத் தொட்டால் 3. ஒரே ஒரு அளவில் 3 வந்தாலே டாக்டரை உடனே கூப்பிட வேண்டும். உண்மையில் 26 மூச்சு விடும் பாட்டிக்கு 18 என்று பதிந்தால் கணினி பூஜ்யம் போடும், திரை பச்சையாக இருக்கும். உடல் கெடத் தொடங்கும்போது முதலில் அசையும் குறிகளில் ஒன்று மூச்சு. ரத்த அழுத்தம் விழுவது பல நேரம் பிற்பாடுதான். ஆகப் பெரிய கணினி அமைப்பின் ஆக முக்கியமான எச்சரிக்கை, ஒரு தாதி ஒரு நிமிடம் நின்றாரா என்பதில் தொங்குகிறது. கணினிக்கு நோயாளி தெரியாது. நாம் எழுதியது மட்டும்தான் தெரியும்.

எண்களோடு தாதிகள் மல்லுக்கட்டுவது புதிதும் இல்லை. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலை நாம் விளக்கோடு மட்டுமே நினைவு வைத்திருக்கிறோம். 1854-இல், கிரிமியப் போரின்போது, அவர் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனபோது, அங்கே எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்குக்கூட ஒழுங்கான கணக்கு இல்லை. போரில் பட்ட காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால்தான் படைவீரர்கள் அதிகம் இறந்தார்கள் என்பதை 1858-இல் வண்ண வட்ட வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தார். லண்டன் புள்ளியியல் சங்கம் சேர்த்துக்கொண்ட முதல் பெண்ணும் அவர்தான். தாதிமைத் தகவலியலைத் தனிச் சிறப்புத் துறையாக அமெரிக்கத் தாதியர் சங்கம் ஏற்றது 1992-இல்தான் என்றாலும், வேலை அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பே நடந்துகொண்டிருந்தது.

இனி மருந்து. காகித ஐ.எம்.ஆர். (உள்நோயாளி மருந்துப் பதிவேடு) காலத்தில் டாக்டரின் கையெழுத்தைப் படிக்க வார்டில் ஒரு நிபுணர் இருப்பார், பெரும்பாலும் ஆக மூத்த சிஸ்டர். இன்று நோயாளியின் கைப்பட்டையை ஸ்கேன் செய்கிறோம், மருந்தை ஸ்கேன் செய்கிறோம், இரண்டும் பொருந்தினால்தான் திரை வழிவிடும். இது வெறும் ஆடம்பரம் இல்லை. பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், நேரம் தவறுவதைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், மருந்து கொடுப்பதில் பிழை விகிதம் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாக இறங்கியிருந்தது. உயிர்கள் சம்பந்தப்பட்ட இறக்கம் அது.

ஆனால் 2008-இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு என் மனதுக்கு இன்னும் நெருக்கமானது. ஐந்து மருத்துவமனைகளில் தாதிகள் இந்த ஸ்கேன் முறையைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழிகளைப் பட்டியல் போட்டார்கள். 15 வகை. அதற்கான காரணங்கள் 31. கைப்பட்டை ஈரத்தில் அழிந்திருக்கும், கருவியில் சார்ஜ் இருக்காது, வைஃபை அந்த மூலையில் எடுக்காது, தூங்குபவரை எழுப்ப மனம் வராது. கைப்பட்டையின் நகல் ஒன்றை வேறெங்காவது ஒட்டிவைத்து அதையே ஸ்கேன் செய்துவிடுவதும் உண்டு. 'ஊழியர் ஒழுங்கீனம்' என்று இதை எழுதித் தள்ளுவது எளிது. 31 காரணங்களையும் படித்தால் பெரும்பாலானவை கருவி, வார்டின் அமைப்பு, வேலைப்பளு பற்றியவை என்பது தெரியும். குறுக்கு வழி ஒவ்வொன்றும் வடிவமைத்தவருக்கு வந்து சேராத ஒரு புகார்க் கடிதம்.

எங்கள் வார்டில் சக்கரம் வைத்த கணினியை 'காவ்' என்போம். 'கம்ப்யூட்டர் ஆன் வீல்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அப்படி அமைந்துவிட்டன. "மாட்டை இந்தப் பக்கம் ஓட்டிட்டு வா" என்று தமிழ்ப் பிள்ளைகளுக்குள் சிரித்துக்கொள்வோம். சார்ஜ் இறங்கிய மாட்டைத் தள்ளிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு அலைந்தவர்களுக்குத்தான் இந்தச் சிரிப்பில் உள்ள கடுப்பு புரியும்.

சிங்கப்பூரில் தமிழ்த் தாதியாக இருப்பதால் கண்ணில் படும் சில விஷயங்கள் உண்டு. முதலாவது பெயர். திரைகள் பலவும் குடும்பப் பெயர் எது என்று கேட்கும். நமக்கு அது கிடையாது. முன்னால் அவர் பெயர், நடுவில் எஸ்/ஓ அல்லது டி/ஓ, பின்னால் அப்பா பெயர். பின்னால் இருப்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, இறந்து போன அப்பாவின் பெயரால் பெரியவரைக் கூப்பிட்டால் அவர் திரும்பக்கூட மாட்டார். ஒரே அறையில் இரண்டு சுப்ரமணியம் படுத்திருப்பது இங்கே அதிசயமில்லை. அதனால்தான் பெயரோடு அடையாள அட்டை எண்ணையோ பிறந்த தேதியையோ சேர்த்து இரண்டு அடையாளம் கேட்கிறோம். 2020-இல் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் கொவிட் பரவியபோது இது எவ்வளவு கனமான வேலை என்று தெரிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதிவாசிகளில் 47 சதவீதத்தினருக்குத் தொற்று வந்துபோனதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. ஒரே மாவட்டத்திலிருந்து வந்த, ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இளைஞர்கள் வரிசையாக நிற்கும்போது, பரிசோதனைக் குழாயில் ஒட்டும் சீட்டு மாறினால் ஒருவரின் முடிவு இன்னொருவர் தலையில் விழும்.

இரண்டாவது, ஊர் மருந்து. தேசிய மின்னணுச் சுகாதாரப் பதிவேடு 2011-இல் தொடங்கியது. அரசாங்க மருத்துவமனைகளும் பலதுறை மருந்தகங்களும் (பாலிகிளினிக்) அதில் இருந்தாலும், தனியார் மருந்தகங்கள் (கிளினிக்) பல நெடுங்காலம் சேராமலே இருந்தன. எல்லாரும் முக்கியத் தகவல்களைக் கொடுத்தாக வேண்டும் என்று இப்போது சட்டமே வந்துவிட்டது. நல்லது. ஆனால் எந்தச் சட்டமும் பெரியவரின் பயணப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்காது. ஊரிலிருந்து திரும்பும்போது மூன்று மாதத்துக்கான சர்க்கரை மாத்திரை, மூட்டுவலிக்கு ஒரு சூரணம், பெயர் ஒட்டாத ஒரு லேகியம். பதிவேட்டில் இவை எதுவும் இல்லை. "வேற மருந்து சாப்பிடுறீங்களா ஐயா?" என்று கேட்டால் "இல்ல மிஸ்ஸி" என்பார். பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது மருந்தே இல்லை, தம்பி பொண்டாட்டி கொடுத்து விட்டது. "ஊர்லேர்ந்து ஏதாச்சும் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டால்தான் பை திறக்கும்.

திறந்த பிறகு அடுத்த சிக்கல். மாத்திரை அட்டையில் கிளைக்கோமெட் என்று இருக்கிறது. இங்குள்ள பட்டியலில் தேடினால் அந்தப் பெயர் வராமல் போகலாம். அது மெட்ஃபார்மின் என்று தெரிந்தவர் அதைத் தேர்ந்தெடுப்பார். தெரியாதவர் குறிப்புப் பகுதியில் 'சொந்த மருந்து உண்டு' என்று ஒரு வரி தட்டிவிட்டு நகர்வார். அந்த வரியைக் கணினி படிக்காது. டாக்டர் மெட்ஃபார்மின் எழுதும்போது இரட்டை மருந்து என்று மணி அடிக்காது. பட்டியலில் தேர்ந்தெடுத்த தகவலுக்கும் வெற்றுப் பெட்டியில் எழுதிய தகவலுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்ட தாதியைத்தான் நான் தகவலியல் தெரிந்தவர் என்பேன். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது விஷயத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நம்மவர்கள் உரிமையோடு கேட்பது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போதே கேட்பார்கள்: "எங்க பெரியப்பா உங்க ஆஸ்பத்திரியிலதான் இருக்காரு. உள்ள பார்த்து என்னன்னு சொல்லேன்மா." பார்க்கக் கூடாது என்று சொன்னால் கர்வம் பிடித்தவள் என்று பெயர். நான் பொறுப்பில் இல்லாத நோயாளியின் பதிவைத் திறந்தால், யார், எப்போது, எந்தக் கணினியில் என்று தடயம் விழும், கேள்வி வரும், வேலை போகலாம். அவ்வளவு பேசியும் "ஒரே ஒரு தடவைதானே" என்பார்கள்.

பதிவுகள் தவறான கைக்குப் போய்விடுமோ என்ற பயம் வெறும் கற்பனையில்லை என்பதை 2018 காட்டியது. அந்த ஆண்டு ஜூன் இறுதிக்கும் ஜூலை தொடக்கத்துக்கும் இடையில் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் பேரின் விவரங்களைத் திருடினார்கள். அவர்களில் 1,60,000 பேருக்குக் கொடுத்த வெளிநோயாளர் மருந்து விவரங்களும் போயின. பிரதமராக இருந்த லீ சியன் லூங்கின் பதிவும் அதில் ஒன்று. அதன்பின் பொது மருத்துவமனைகளின் கணினிகளிலிருந்து இணையத்தைத் துண்டித்தார்கள். ஒரு மருந்தைப் பற்றிச் சட்டென்று தேடிப் பார்க்க முடியாமல் நாங்கள் முணுமுணுத்தது உண்மைதான். முணுமுணுத்தவர்களில் எத்தனை பேர் தங்கள் கடவுச்சொல்லைக் காகிதத் துண்டில் எழுதி ஒட்டாமல் இருந்தார்கள் என்பது வேறு கதை.

இனி படிப்பு. இங்கே தாதிகள் பல வாசல்களால் வருகிறார்கள். தொழில்நுட்பக் கல்விக் கழகம், நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகள், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம். வார்டுக்கு வரும்போது எல்லாருக்கும் கணினிப் பயிற்சி கொடுக்கிறோம். அது ஏறத்தாழ ஓட்டுநர் பள்ளியில் காரின் பொத்தான்களை மட்டும் காட்டிவிட்டுச் சாலையில் இறக்கிவிடுவது போலத்தான் இருக்கிறது. இங்கே அழுத்து, அங்கே சேமி, சிவப்பாக வந்தால் நிரப்பு. சிவப்பு ஏன் வந்தது, அந்தக் கேள்வியை யார் அங்கே வைத்தார்கள், நிரப்பிய பதில் எங்கே போகிறது என்பதெல்லாம் பாடத்தில் இல்லை. மாணவர்களும் சாமர்த்தியசாலிகள். சிவப்பை எப்படிப் போக்குவது என்பதை முதல் நாளே கற்றுக்கொள்கிறார்கள். 18 அப்படித்தான் பரம்பரை பரம்பரையாகக் கைமாறுகிறது.

நான் பொறுப்பேற்கும் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி ஒன்று செய்து பார்க்கிறேன். பெயரையும் படுக்கை எண்ணையும் நீக்கிவிட்டு, மூன்று நாள் எண்களை மட்டும் தாளில் கொடுப்பேன். சிறுநீர் அளவு, ஹைப்போகௌன்ட் (விரலில் குத்தி எடுக்கும் ரத்தச் சர்க்கரை அளவு), வெப்பநிலை, மூச்சு, சாப்பிட்ட அளவு, படுக்கைப்புண் ஆபத்துக்கான பிரேடன் மதிப்பெண். "இவர் எப்படிப்பட்டவர், எழுந்து நடக்கிறாரா, எந்த நேரத்திலிருந்து சரியில்லை?" என்று கேட்பேன். முதலில் திணறுவார்கள். பிறகு ஒருவர் சொல்வார், சாப்பாடு பாதியானதற்கு அடுத்த ஷிப்ட்டில்தான் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று. இன்னொருவர், எல்லாம் மாறும்போது மூச்சு மட்டும் மாறவில்லையே, இந்த எண்ணை நம்பலாமா என்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் எனக்கு அன்றைய வகுப்பு போதும்.

டவுன்டைம் இன்னொரு பாடம். கணினி நின்றுவிடும் நாட்களுக்கென்று வார்டில் ஒரு பெட்டி நிறையக் காகிதப் படிவங்கள் இருக்கும். காகிதத்தில் பழகிய எங்களுக்கு அது பழைய வீட்டுக்குப் போவது மாதிரி. அண்மையில் பட்டம் பெற்றவர்களுக்கு மருந்து அட்டவணையைக் கையால் வரையத் தெரியாது. தப்பு அவர்களுடையதில்லை, யாரும் சொல்லித்தரவில்லை. அடுத்த வேளை மருந்து எப்போது என்று திரை நினைவூட்டாதபோது, அதை யார் தலையில் வைத்துக்கொள்வது? இதைப் பயிற்சியாக ஆண்டுக்கொரு முறையாவது செய்ய வேண்டும். தீயணைப்புப் பயிற்சிக்கு நேரம் இருக்கிறதல்லவா!

இந்தத் துறையில் எனக்கு ஆக அதிக நம்பிக்கையும் அதே அளவு கவலையும் தரும் வேலை, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சாரா ரொசெட்டி குழுவினர் செய்தது. பெயர் 'கன்சர்ன்'. அவர்கள் பார்த்த கோணம் அழகானது. தாதிக்கு ஒரு நோயாளியைப் பற்றி மனசு சரியில்லையென்றால் என்ன செய்வார்? நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டிய பேராவை இரண்டு மணி நேரத்தில் எடுப்பார். நடு இரவில் தேவையில்லாமல் எட்டிப் பார்ப்பார். கேட்காமலே ஒரு குறிப்பு எழுதுவார். எண்கள் நன்றாக இருக்கலாம், ஆனால் அவர் அடிக்கடி போகிறார் என்பதே ஒரு தகவல். அந்தப் பதிவுகளின் போக்கை வைத்து ஆபத்தைக் கணிக்கும் முறையை 60,000-க்கும் மேற்பட்ட மருத்துவமனை அனுமதிகளில் சோதித்து 2025-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பராமரிப்போடு ஒப்பிட்டால் இறப்பு அபாயம் 35.6 சதவீதம் குறைந்திருந்தது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. "என்னமோ சரியில்ல டாக்டர், வந்து பாருங்க" என்று சொல்லித் திட்டு வாங்கிய தாதிகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களின் அந்த 'என்னமோ'வைக் கணினி முதல்முறையாகக் காதில் வாங்கியிருக்கிறது. கூடவே கவலை. கட்டாயப் பெட்டிகளைக் கூட்டிக்கொண்டே போனால், எல்லாரையும் எல்லாவற்றையும் ஒரே இடைவெளியில் பதியச் சொன்னால், தாதி தானாக எழுந்து போனதற்கும் திரை துரத்தியதால் போனதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். ஆகவே புதிய பெட்டி ஒன்றைச் சேர்க்கும் எந்தக் கூட்டத்திலும், எந்தப் பழைய பெட்டியை எடுக்கப் போகிறோம் என்று கேட்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் எனக்கு அங்கே பெரிய வரவேற்பு இல்லை.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவர், தமிழ்ப் பையன், கடைசியில் தனியாக வந்து கேட்டார்: "அக்கா, அப்ப நாங்க எத்தனை தடவ பெட்டுக்குப் போனோம்ங்கிறது எல்லாம் கணக்குல வருமா? அத வச்சு எங்களுக்கு மார்க் போட்டாங்கன்னா?"

நியாயமான பயம்தான். நோயாளிக்காகச் சேர்த்த தரவை ஊழியரை எடைபோட எடுத்தால், அடுத்த மாதமே எல்லாரும் மதிப்பெண்ணுக்காகப் பதியத் தொடங்குவார்கள். கணிப்பு முறையின் உயிரே அத்தோடு போய்விடும். இதை அவரிடம் விளக்கிவிட்டு, அப்படியொரு முறை நம் வார்டுக்கு வந்தால் என்னென்ன விதி இருக்க வேண்டும் என்று எழுதி வரச் சொன்னேன்.

ஒரு பக்கம் எழுதி வந்தார். யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், ஆண்டு மதிப்பீட்டில் பயன்படுத்தக் கூடாது என்று நான் எதிர்பார்த்தவை எல்லாம் இருந்தன. நான் எதிர்பார்க்காத ஒன்றும் இருந்தது. ஆள் குறைவான இரவுகளில் தாதிக்கு எவ்வளவு கவலை இருந்தாலும் அடிக்கடி போக முடியாது. அதைக் கணினி 'நோயாளி நன்றாக இருக்கிறார்' என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு ஷிப்ட்டிலும் எத்தனை தாதிகள் இருந்தார்கள் என்ற எண்ணையும் முறைக்குள் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்தத் தாளை ஒரு நகல் எடுத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோக வைத்திருக்கிறேன்.